ஏர் சாண்டர் பாதி வேலையில் சோர்ந்துவிடுகிறது, என்ன பார்க்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். காற்றழுத்தத்தில் ஓடும் 6 அங்குல டிஏ சாண்டர் (டூயல் ஆக்‌ஷன், சுழன்றுகொண்டே அசைந்து தேய்க்கும் மெஷின்) ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் ஜோராக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் வேகம் விழுந்து, லேசாக அழுத்தினாலே நின்றுவிடுகிறது. காற்று வெளியேறும் துளையில் கை வைத்தால் ஈரம் பிசுபிசுக்கிறது. ஹோஸைக் கழற்றிவிட்டு சாண்ட் பேப்பர் ஒட்டும் பேடைக் கையால் சுற்றினால் ஓரிடத்தில் மட்டும் பிடிக்கிறது.

கேஜ் சும்மா இருக்கும்போது 90 பிஎஸ்ஐ காட்டுகிறது. டிரிகரை அழுத்தினால் 60க்கு இறங்கிவிடுகிறது. சாண்டர் இடைவிடாமல் காற்று குடிக்கும் கருவி, அதனால் கம்ப்ரஸரே போதவில்லையோ என்று சந்தேகம். ஹோஸும் கால் அங்குலம்தான். முதலில் ஹோஸை மாற்றுவதா, இல்லை உள்ளே மோட்டாரில் காற்று தள்ளிச் சுழற்றும் சிறு தகடுகளான வேன்கள் தேய்ந்திருக்குமா?

டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடிக்கிறேன். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் ட்ராப் கம்ப்ரஸரை ஒட்டியே இருக்கிறது. காற்று இன்னும் சூடாக இருக்கும் இடம், நீராவி அப்படியே தாண்டிப் போய்விடும் என்று தோன்றுகிறது. எவ்வளவு தள்ளி மாட்டியிருக்கிறீர்கள்?

அப்புறம் எண்ணெய் விஷயம். ஏர் டூல் ஆயில் சில சொட்டு விடாவிட்டால் மோட்டார் கெடும். விட்டால் அது தெறித்து, பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பில் படிகிறது, பெயிண்ட் குழி குழியாக விலகுகிறது. பெயிண்ட் வேலை செய்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் எல்லாம் போடுகிறேன், அந்த அறிவுரை வேண்டாம். வேன் மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் போதும்.