கூடாரம் போடாமல் மின்னேரியா யானைகளைப் படம் எடுக்க வழி உண்டா?

கேள்வி (உப்புவெளி)

வணக்கம். ஓகஸ்ட் கடைசியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மின்னேரியா தேசியப் பூங்காவுக்கு யானைப் படம் எடுக்கப் போக விருப்பம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நிலத்தில் படுத்தெழும்ப ஏலாது, அதனால் காட்டுக்குள் கூடாரம் சரிவராது. போன வருடம் திருமலையிலிருந்து (திருகோணமலை) விடியப்புறம் வெளிக்கிட்டு ஆறரைக்கு உள்ளே போனேன். தூரத்தில் இரண்டு யானைதான் நின்றன, ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது, எடுத்த படமெல்லாம் கலங்கல். 70-300 மி.மீ. லென்ஸ், ஷட்டர் (படம் பதியும் நேரம்) 1/125 செக்கனில் இருந்திருக்கிறது. பிழை நேரத்திலா, லென்ஸிலா?

பதில் (கந்தளாய்)

நேரம்தான் தங்கச்சி. பகலில் யானைகள் காட்டு நிழலில் நிற்கும், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் குடும்பம் குடும்பமாகக் குளத்தடிக்கு வரும். நல்ல வெளிச்சமும் அப்போதுதான். ஆறு மணிக்குப் பூங்கா மூடிவிடும் என்பதால் யானைக் கூட்டத்துக்காக இரவு உள்ளே கிடந்து ஒரு லாபமும் இல்லை. பூங்காவுக்குக் கிட்ட உள்ள ஹபரணையில் ஒரு அறை எடுங்கள், திருமலையிலிருந்து இரண்டு மணித்தியாலம்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினால் போதும்.

இன்னொன்று, மின்னேரியாதான் என்று பிடிவாதம் வேண்டாம். மகாசேனன் கட்டிய அந்தக் குளத்தில் தண்ணீர் வற்றி இளம்புல் முளைத்தால்தான் யானை சேரும். மொரகஹகந்தை நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வந்து குளம் நிரம்பிக் கிடக்கும் காலத்தில் புல்லும் இல்லை, யானையும் குறைவு. அப்படியான நேரம் பக்கத்துப் பூங்காவான கவுடுல்லவுக்குப் போங்கள், எங்களுக்கு அதுதான் கிட்ட. அன்று மத்தியானம் ஹபரணை ஜீப்காரர் இரண்டு மூன்று பேரிடம் எந்தக் குளத்தில் யானை நிற்கிறது என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பதில் (நிலாவெளி)

கலங்கலுக்குக் காரணம் 1/125. 300 இல் இழுத்து எடுக்கும்போது 1/500 க்குக் கீழே இறங்காதீர்கள், குட்டி ஓடினால் 1/1000. ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறன்) 1600 வரை தாராளமாக ஏற்றலாம், கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைத் திருத்த முடியும், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஜீப் முழுக்க அதிரும், நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். ஜீப்பில் முக்காலிக்கு இடமில்லை. பழைய காற்சட்டைக் காலை வெட்டி, ஒரு கிலோ அரிசி போட்டுத் தைத்துக் கம்பியின்மேல் வைத்து லென்ஸைச் சாய்த்தால் அசையாது. புழுதி பறக்கும், உள்ளே லென்ஸ் கழற்றவே வேண்டாம். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், தேசியப் பூங்காக்களில் தடை.

பதில் (கந்தளாய்)

சொல்ல மறந்துவிட்டேன், முடிந்ததும் இரவோடு இரவாகத் திருமலைக்குத் திரும்ப நினைக்காதீர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை ரோட்டுக்கு வரும், இருட்டில் கிட்டப் போகும்வரை தெரியாது. 2025 பெப்ரவரியில் கல்லோயாவுக்குக் கிட்ட ரயில் மோதி ஆறு யானை செத்ததை நினைத்தால் இப்போதும் மனம் கேட்பதில்லை. படுத்துவிட்டு விடிய வாருங்கள். அம்மாவை ஜீப்பில் முன் சீற்றில் இருத்துங்கள், பின்பக்கம் குலுக்கும்.

கேட்டவர்

போய் வந்தோம். மின்னேரியாவில் தண்ணீர் கூட என்று ஜீப்காரர் மூவரும் ஒரே மாதிரிச் சொன்னதால் கவுடுல்லவுக்குப் போனோம். நாலரை வரைக்கும் கொக்கும் எருமையும்தான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் மரங்களுக்குள்ளிருந்து வரத் தொடங்கின, அம்மா நாற்பதுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டார். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு தாய் மண்ணை வாரி முதுகில் போட்டபோது 1/800 இல் எடுத்த படத்தில் ஒவ்வொரு மண்துகளும் தெரிகிறது. முன் சீற்றுக்கும் அரிசிப் பைக்கும் நன்றி அண்ணை, இருவருக்கும்.