பிளக்குக்கு கரண்ட் வராம கடல்ல நின்ன அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க (படகுக்குப் பின்னாடி மாட்டுற பழைய அவுட்போர்டு மோட்டார்)

நாகை ஃபைபர்:
ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் உறுத்துது, அதான் எழுதுறேன். மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15லேருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும்ல, எங்கள மாதிரி சின்ன ஃபைபர் படகுக்காரனுக்கு அப்பதான் நாலு காசு. மாமாவும் நானும் வலைய வாங்கிட்டு கரைக்குத் திரும்பலாம்னு கயித்த இழுத்தா மிசின் செத்துப்போச்சு, ஒரு உறுமல் கூட இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு மாசமாவே வர்றதும் போறதுமாத்தான் இருந்துச்சு, மெக்கானிக், ஸ்பார்க்குக்கு கரண்ட் விடுற சிடிஐ பெட்டி போச்சுன்னாரு மாத்துனோம், அப்புறம் காயிலுன்னாரு அதையும் மாத்துனோம், பிளக் ரெண்டு செட்டு, ஒரு வார மீன்பாடு அப்படியே போயிடுச்சு.

மணி மூணு இருக்கும். மாமா மேல் மூடியக் கழட்டிட்டு செல்போன என் வாயில கடிக்கக் குடுத்தாரு, டார்ச்சுக்கு. ஸ்டாப் சுவிட்சுக்குப் போற வெள்ள வயரு, மூடி கிளாம்புகிட்ட நெல்லு அளவுக்கு உரிஞ்சு உள்ள செம்பு பச்சையா பூத்துக் கெடக்கு, பிளாக்க ஒட்டிக்கிட்டு. அவரு ஒண்ணும் பேசல. குனிஞ்சு பல்லால கடிச்சு அத்தாரு. ரெண்டாவது இழுப்புல எடுத்துருச்சு. கரைக்கு வந்து சுவிட்ச அமுக்குனா மிசின் நிக்கவே மாட்டேங்குது, சோக்க இழுத்து மூச்சுத் திணறவச்சுத்தான் நிறுத்துனோம்.

இதுல என்னன்னா, அந்த வயரு மூடியில மாட்டாம இருக்கணும்னு தங்கூசி நரம்பால இழுத்துக் கட்டுனது நான்தான். மாமாகிட்ட இன்னும் சொல்லல.

வடமராட்சிப் பெடியன்:
அண்ணை எனக்கு 2022ல. அந்த ஆகஸ்ட்ல இலங்கையில மண்ணெண்ணெயை 87 ரூவாயில இருந்து ஒரேயடியா 340க்கு ஏத்தினவங்கள் எல்லோ, அந்த நேரம் ஆற்ற எஞ்சின் நிண்டாலும் எண்ணெயில தண்ணி எண்டுதான் சனம் சொல்லும். நானும் நம்பி காபரேட்டரை மூண்டு தரம் கழட்டிப் பூட்டினன். பெற்றோலில ஸ்டார்ட் வரும், மண்ணெண்ணெய்க்கு மாத்தி லோட் குடுத்தா ஒரு சிலிண்டர் விட்டிடும். பிளக்கைக் கழட்டி புளொக்கில வைச்சு இழுத்தா வடிவா நீலமா பொறி வருது, பிறகென்னெண்டு கரண்டைக் குறை சொல்லுறது?

ஒருநாள் இரவு கரண்டும் இல்லை, கரையில நல்ல இருட்டு. மூடியைக் கழட்டிப்போட்டு சும்மா ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நிண்டனான். காயிலில இருந்து பிளக்குக்கு வாற தடிச்ச வயர் இருக்கெல்லோ, அது வெடிச்ச இடத்தால பொறி பக்கத்தில இருக்கிற இரும்புக்குப் பாயுது, டிக் டிக் டிக் எண்டு நீல எறும்பு ஓடுற மாதிரி. பகல்ல எத்தினை தரம் அதே வயரைத் தொட்டுப் பாத்திருப்பன்.

ஓல்டு மெக்கானிக்:
முதல்ல நாகை தம்பிக்கு. உங்க மாமா கெட்டிக்காரர்தான், ஆனா இத யாரும் பாத்துட்டு செய்யாதீங்க. ஸ்டாப் வயரு வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி இல்ல, அத்துப்போனா மோட்டார் நிக்காது, எர்த்துல, அதாவது மோட்டார் பாடியில தொட்டாத்தான் நிக்கும். அதனாலதான் அது உரசுனா ஸ்பார்க்கே வராது, புது சிடிஐ போட்டாலும் வராது. சரியான பக்கம் கடிச்சாரு, உரிஞ்ச இடத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவுல கடிச்சிருந்தா விடிய விடிய இழுத்திருப்பீங்க. ஆனா அந்த வயரு இல்லாட்டி இடுப்புல மாட்டுற சேஃப்டி கயிறும் சும்மா, ஆள் தண்ணில விழுந்தா படகு அதுபாட்டுக்குப் போயிரும்.

வடமராட்சி தம்பி, பிளக்க வெளிய வச்சுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். வெறும் காத்துல தாண்டுறது லேசு, உள்ள அமுக்கம் ஏறுனா தாண்டுறது கஷ்டம், லேசான வழி கெடச்சா கரண்ட் அப்படிப் போயிரும். நடுவுல இடைவெளி (கேப்) வச்ச ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கோங்க. வேற வழியில்லாம பிளக்க வச்சுத்தான் பாக்கணும்னா பிளக் ஓட்டைய துணியால அடச்சுட்டுப் பாருங்க, ஆவி பத்திக்கிட்டு மூஞ்சி வெந்த ஆள எனக்குத் தெரியும். பிளக்க எர்த்துல தொடாம தொங்கவிட்டும் இழுக்காதீங்க, சிடிஐக்குக் கேடு.

நான் பாக்குற வரிசை இது, யாரும் கேக்கலதான். மொதல்ல ஸ்டாப் வயர சிடிஐகிட்டயே கழட்டிட்டு இழுக்கணும். யமஹால வெள்ளை, ஜான்சன் எவின்ரூட் மெர்குரில பெரும்பாலும் கறுப்புல மஞ்சக்கோடு. ஸ்பார்க் வந்துட்டா சுவிட்சோ அதோட வயரோதான், ஒரு பைசா செலவில்ல. வரலன்னா எர்த் போல்ட்டுகளக் கழட்டி அடியில உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், மேல பளபளன்னு இருக்கும், அடியில வெள்ளையா பூத்திருக்கும். அதுக்கப்புறந்தான் ஃப்ளைவீலுக்கு (மேல சுத்துற சக்கரம்) அடியில உள்ள, சிடிஐக்கு கரண்ட் குடுக்குற காயில். சூடானா நிக்குது ஆறுனா எடுக்குதுன்னா அத சூடா இருக்கும்போதே ஓம்ஸ் பாக்கணும், காலையில குளுகுளுன்னு பாத்தா மீட்டர் சரின்னுதான் காட்டும். சாதா மீட்டர்ல சிடிஐ வோல்டேஜ் பாக்காதீங்க, அந்தத் துடிப்ப அது பிடிக்காது, உச்ச வோல்டேஜப் பிடிக்கிற பீக் அடாப்டர் வேணும். சிடிஐ கடைசி. எல்லாப் பயலும் அதுலதான் ஆரம்பிக்கிறான். ஜாயிண்ட முறுக்கி டேப் சுத்துனா ஒரு சீசன் தாங்காது, ஈயம் பூசுன வயரும் பசை வச்ச ஸ்லீவும் போடுங்க.

ஏரிக்கரை:
ஐயா, எல்லா மோட்டாரிலும் சிடிஐ இல்லை. நான் ஒன்ராறியோவில, என்ரது 1950கள்ல வந்த ரெண்டு சிலிண்டர், சிடிஐக்குப் பதிலா திறந்து மூடிப் பொறி வர வைக்கிற பொயின்ற்ஸும் கொண்டென்சரும்தான். பனிக்காலம் முழுக்க கராஜ்ல கிடந்துட்டு மே மாதம் ஏரியில இறக்கினா பொறியே இல்லை. ஃப்ளைவீலை இழுத்துக் கழட்டிப் பாத்தா பொயின்ற்ஸ் முகத்தில சாம்பல் மாதிரி ஒரு படை. ஆற்றயோ கலியாணக் கார்ட்டைக் கிழிச்சு நடுவில விட்டு இழுத்தன், கேப்பை அரை மில்லிக்கு வைச்சன், முதல் இழுவையில வந்திட்டுது. மகன் காயிலுக்கு ஒன்லைன்ல ஓடர் போட்டு முடிச்சிட்டான். அது இப்பவும் பெட்டியோட கிடக்கு.

ஓல்டு மெக்கானிக்:
பொயிண்ட்ஸ் மோட்டாருக்கு நான் எங்க சொன்னேன். அந்தக் காயில வச்சிருங்க, அந்தக் காலத்து காயில் விரிசல் விடும், தேவைப்படும்.

நாகை ஃபைபர்:
பெரியவரே எங்க ஊர்ல சேஃப்டி கயிற யாரு மாட்டுறா, வலையில சிக்கும்னு எல்லாரும் சுவிட்ச்லயே சுத்தி வச்சிருக்கான். இவ்ளோ எழுதுனீங்க, நான் தங்கூசி கட்டுனதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே.

ஓல்டு மெக்கானிக்:
எந்த இடத்துல கட்டுன? இப்பவும் அங்கதான் கட்டிருக்கியா? மூடியத் தொறந்து போட்டோ போடு.