வேலூர் கிரீன் சர்க்கிள் டூ காட்பாடி: சைக்கிளுக்கு தனி பாதை சீக்கிரமா போட முடியுமா?

பாலாத்தங்கரை:
காலைல எட்டரைக்கு காட்பாடி ரோட்டுல நின்னு பாருங்க, அரசு கொடுத்த சைக்கிள்ல ஸ்கூல் பிள்ளைங்க, பின்னாடி பால் கேன் கட்டினவரு, அவரு முதுகுல டவுன் பஸ் ஹாரன், ஓரமா ஒதுங்கலாம்னா மண்ணும் ஜல்லியும். தனி பாதை கேட்டா டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை), டெண்டர்னு வருஷக்கணக்கா இழுக்கும். பெயின்ட், கம்பம் வெச்சு தற்காலிகமா போட்டுப் பாக்கறது நம்மூருக்கு சரிப்படுமா?

ரோடு வேலைக்காரன்:
சரிப்படும், ஆனா துண்டு துண்டா போடக்கூடாது. கனடாவுல கால்கரில 2015ல டவுன்டவுன்ல 6.5 கிலோமீட்டர், ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி ஒரே நேரத்துல திறந்தாங்க, ஒன்றரை வருஷம் எத்தனை பேர் ஓட்டறாங்கன்னு எண்ணிப் பாத்துட்டு 2016 டிசம்பர்ல கவுன்சில்ல ஓட்டுப் போட்டு நிரந்தரமாக்கினாங்க. இங்க எங்கயாவது 300 மீட்டருக்கு பச்சை பெயின்ட் அடிச்சு ரிப்பன் வெட்டினா எவன் ஓட்டுவான்? அப்புறம் "பாத்தியா, யாருக்கும் வேணாம்"னு மூடிடுவாங்க.

பஜார் கடை:
இன்னா பேசறீங்கோ, கோடு போட்ட மறுநாளே ஷேர் ஆட்டோ நிக்கும், சாயங்காலம் பானிபூரி வண்டி நிக்கும். பெங்களூர்ல 2020ல அவுட்டர் ரிங் ரோட்டுல கம்பம் நட்டாங்களே, டூவீலர் உள்ள பூந்து, கம்பமும் உடைஞ்சு இன்னா ஆச்சு? எங்க கடைக்கு லோடு வண்டி எங்க நிக்கும், மொதல்ல அத சொல்லுங்கோ.

ரோடு வேலைக்காரன்:
நியாயமான கேள்விண்ணே. லோடுக்கு பாதைக்கு வெளிய தனியா இடம் குறிச்சு, நேரமும் வெக்கணும். பஸ் ஸ்டாப்ல பாதைய நிழற்குடைக்குப் பின்னாடி சுத்தி விடணும், இல்லன்னா பஸ் ஒதுங்கறப்பல்லாம் சைக்கிள் நடுரோட்டுக்கு வரும். ரெண்டு மீட்டர் அகலம் போதும், பாதை ஆரம்பிக்கற வாசல்ல ஒரு கம்பம் நட்டா ஆட்டோ நுழையாது; பைக்குக்கு மட்டும் ஆரம்பத்துல ஆள் நிறுத்தித்தான் ஆகணும், வேற வழி இல்ல. தப்பா வெச்ச கட்டைய ஒரே ராத்திரில நகத்திரலாம், கான்கிரீட் ஊத்திட்டா முடியுமா? கொலம்பியா தலைநகர் போகோட்டால 2020 மார்ச்ல கோன் வெச்சுத்தான் ஆரம்பிச்சாங்க, அதுல நிறைய பாதை இன்னைக்கு நிரந்தரம்.

பஜார் கடை:
லோடுக்கு இடம் குடுத்தா நான் குறுக்க நிக்கல.

பாலாத்தங்கரை:
அப்ப மனு எழுதறேன். எந்த மாசம் கேக்கலாம்?

ரோடு வேலைக்காரன்:
ஸ்கூல் திறந்தப்புறம். மே மாசம் போட்டுட்டு நம்மூரு வெயில்ல ஆள் எண்ணினா கணக்கே தப்பாயிடும்.