பூட்டன் காசில்லாமல் போனார், அப்பா விளையை ஒற்றி வைத்துப் போனார்: ஏன் இந்த வித்தியாசம்?

அருமனை வாசகன்:
என் பூட்டன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். கையில் காசு இல்லை, சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போனார் என்று பாட்டி சொல்வார். திரும்பி வந்து 40 சென்ட் விளை (தோட்ட நிலம்) வாங்கினார். 1983-இல் என் அப்பா சவூதிக்குப் புறப்பட்டபோது அதே விளையை ஒற்றி வைத்துத்தான் ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தார். மீட்பதற்குள் என் பள்ளிப் படிப்பே முடிந்துவிட்டது. ஒன்றுமில்லாதவர் சும்மா போக, நிலம் இருந்தவர் நிலத்தை அடகு வைத்துப் போனது எப்படி? தோட்டத்துத் துரைமார் அவ்வளவு தர்மவான்களா?

குலசேகரம் தபால்காரர் (ஓய்வு):
தம்பி, துரைமார் தர்மவான்களும் இல்லை, பூட்டன் சும்மா போகவும் இல்லை. வழிச்செலவைக் கங்காணி முன்பணமாகப் போட்டார். அது பூட்டன் பேரில் கடனாக ஏறியது. அன்றைக்கு நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. ஆரல்வாய்மொழிச் சாவடியோடு அது முடிந்துவிடும். நாகர்கோவிலில் ரயில் ஓடத் தொடங்கியதே 1979-இல். தூத்துக்குடி வரை நடையோ மாட்டுவண்டியோ, பிறகு கப்பல், வழியில் சோறு, போய் இறங்கியதும் கம்பளி, அரிசி என்று அத்தனையும் கணக்கில் எழுதப்படும். தோட்டம் மாற வேண்டுமானால் 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம்' என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். முதலாளி மாறுவார், கடன் மாறாது. 1921-இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

துரை ஏன் முதலில் பணம் போட்டார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. 1830-களுக்குப் பிறகு கண்டி மலையில் காட்டை அழித்துக் காப்பி வைத்தார்கள். அங்குள்ள சிங்கள விவசாயிகள் பெரும்பாலும் தோட்டக் கூலிக்கு வர மறுத்தார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் அதிக ஆள் வேண்டும். தமிழகத்திலிருந்து ஆட்கள் போனார்கள், சம்பாதித்தார்கள், திரும்பினார்கள். 1869-இல் இலைத்துரு நோய் தலைகாட்டிக் காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அதன்பின் வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். எனவே பெண்டு பிள்ளைகளோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்கவைத்தார்கள். மலாயாவில் 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் கட்டாயமாக வசூலித்து ஒரு நிதியே ஏற்படுத்தி, அதிலிருந்து கப்பல் கட்டணம் கொடுத்தார்கள். எல்லாம் ஆள் பஞ்சம்.

நம் ஊரில் நிலைமை என்ன? 1855 வரை திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது. ஊழியம் என்று கூலியில்லா வேலை வேறு. இலங்கையில் கடன் இருந்தாலும் கூலி காசாகக் கைக்கு வந்தது. அந்தக் காசில் வாங்கியதுதான் உங்கள் விளை.

வளைகுடாவில் கதை தலைகீழ். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் வேலை குவிந்தது உண்மை. ஆனால் போகத் துடித்தவர்கள் அதைவிட அதிகம். கேரளம், பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று எல்லாப் பக்கமிருந்தும் வரிசை. பூட்டன் காலத்தில் இலங்கைக்குப் போக விசா கிடையாது. அப்பா காலத்தில் விசாதான் சரக்கு. சவூதியில் கபீலிடம் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியிடம்) புறப்பட்டு மார்த்தாண்டம் வந்து சேர்வதற்குள் கை மாறிய ஒவ்வொரு இடத்திலும் அதற்கு விலை ஏறியது. அதனால்தான் விளையோ நகையோ இல்லாத வீட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் குறைவு.

எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து வங்கி டிராப்ட் வைத்து வந்த பதிவுத் தபால்களை நான்தான் கொடுத்துவந்தேன். முதல் டிராப்ட் வந்த வீட்டில் அம்மா கையெழுத்துப் போடும்போதே வட்டிக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு யார் தகவல் சொல்வார்களோ, நான் சொன்னதில்லை.

கீரிப்பாறை ரப்பர்:
அண்ணாச்சி, திரும்பாதவர்கள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பூட்டன் அங்கேயே தங்கிவிட்டார். 1948-இல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்தில் எங்களுக்கு நாடே இல்லாமல் போனது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்துப் பாதிப்பாதி. நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தோம். இப்போது அரசு ரப்பர் கழகத்தில் இருக்கும் பல குடும்பங்கள் அப்படி வந்தவைதான். கொழுந்து கிள்ளிய அம்மா இங்கே பால் வெட்டக் கற்றுக்கொண்டார். துரை காசில் போனவர்கள், இரண்டு அரசாங்கங்களின் கணக்கில் திரும்பினோம்.

தூத்தூர் கடலோடி:
எங்கள் கரையில் இதைவிடக் கொடுமை. வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, பிடித்த மீனில் பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில் பங்கு. மீன் படாவிட்டால் பங்கு இல்லை. ஊரில் விசாக் கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஓடும். 2020-இல் ஊரடங்கில் ஈரானில் மாட்டிக்கொண்டவர்களைக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஜூலையில் தூத்துக்குடியில் இறக்கியது. என் மைத்துனரும் அதில் வந்தார். வந்த மறுவாரமே கடன்காரரும் வந்தார். முன்பணத்தைக் கங்காணி போட்டது மேல் என்று சில நேரம் தோன்றுகிறது.

குலசேகரம் தபால்காரர் (ஓய்வு):
அப்படிச் சொல்லிவிடாதீர்கள் தம்பி. முன்னறிவிப்புக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டு வெளியேறியவரைப் பிடித்துச் சிறையில் போடவும் அன்றைக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் ஆபத்தை யார் சுமந்தார்கள் என்று பார்த்தால் நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆள் வழியில் செத்தால் அன்று கங்காணியின் பணமும் போகும். இன்று வேலை இல்லாமல் போனாலும் ஏஜென்டின் காசு பத்திரம். 1983-இன் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்டுக்கு உரிமம் கட்டாயம். இப்போதைய விதிப்படி சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், ரசீதும் தர வேண்டும். ரசீது கேட்டவருக்கு விசா தாமதமாகும் என்பது வேறு விஷயம்.

அருமனை வாசகன்:
மிக்க நன்றி, அண்ணாச்சி. அப்பாவின் ஒற்றிப் பத்திரத்தையும் பூட்டன் வாங்கிய கிரயத்தையும் தேட முடியுமா?

குலசேகரம் தபால்காரர் (ஓய்வு):
சர்வே எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு எழுதிக் கொடுங்கள். ஒற்றி பதிவாகியிருந்தால் அதில் வரும். பூட்டன் கிரயம் நம் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தியது, எனவே பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். உங்களுக்கு வாசிக்க வராவிட்டால் நகலை எனக்கு அனுப்புங்கள். பழைய மலையாளக் கையெழுத்து எனக்குப் பழக்கம்.