வெளிநாட்டு உதவியில் வந்த ஃபிரிட்ஜும் ஒரு பிரசவமும்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் பிரசவம் பார்த்தவள் நான். வெளிநாட்டு நிதியில் நடந்த தாய் சேய் நலத் திட்டங்களில் வேலை செய்தவர்கள், பயன் பெற்றவர்கள், நல்லதோ கெட்டதோ நடந்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

ஒரு திட்டத்தில் எங்களுக்கு ஃபிரிட்ஜ் தந்தார்கள். தடுப்பூசிக்கும், பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையை இறுக வைத்து ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசி மருந்துக்கும். ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெக்கையில் கிடந்தால் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, வீரியம் மட்டும் குறைந்துகொண்டே போகும். திறப்பு விழா, ஃபோட்டோ எல்லாம் ஆனது. ஸ்டெபிலைசர் மட்டும் பட்டியலில் இல்லை. மின்சாரம் ஏறி இறங்கி நாலாவது மாதமே கம்ப்ரெசர் போய்விட்டது. பழுது பார்க்கப் பணம் கேட்டால் பட்ஜெட்டில் அப்படி ஒரு தலைப்பே கிடையாதாம். புதிதாக இன்னொரு ஃபிரிட்ஜ் வேண்டுமானால் அடுத்த வருடம் எழுதிக் கேட்கலாமாம்!

அந்த நாள்களில்தான் ஒருத்திக்குப் பிரசவம் முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன், கர்ப்பப்பை இறுகவில்லை. இன்னொன்றும் போட்டேன். வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். பிழைத்துவிட்டாள். ஊசி கெட்டுப்போயிருந்ததுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஊசிப் பெட்டியை அப்புறம் நான் தொடவில்லை.

பிறகு வேறொரு உதவியில், அதே ரத்தப்போக்குக்குக் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை வந்தது. அதற்குக் குளிர் வேண்டாம், ஈரம் படாமல் இருந்தால் போதும். நடுக்கமும் காய்ச்சலும் வரலாம் என்று வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பயந்துவிடுவார்கள். விழா எதுவும் இல்லாமல் வந்த அந்த மாத்திரைதான் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது.

*

சிஸ்டர், நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவன். ஃபோட்டோ எடுத்த ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திட்ட ஒருங்கிணைப்பாளராக எட்டு வருடம் இருந்தேன்.

பழுது பார்க்க ஏன் தலைப்பு இல்லை என்று கேட்டீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் பொருள் வாங்கித் தருவது எங்கள் வேலை, பராமரிப்பு உள்ளூர் அரசின் பொறுப்பு என்று எழுதியிருக்கும். அந்த அரசிடம் அதற்குப் பணம் இருக்கிறதா என்று எழுதுகிறவர் யாரும் கேட்பதில்லை. தவிர, வருட முடிவுக்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஃபிரிட்ஜை எண்ணலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜை எண்ணுவதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையத்தில் ஒரே நேரத்தில் மூன்று திட்டங்கள் நடந்தன, மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. கர்ப்பிணி எத்தனை முறை பரிசோதனைக்கு வந்தார் என்பதை மூன்றிலும் எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அந்த எண்ணிக்கையை நாலிலிருந்து எட்டாக்கியபோது எங்கள் பதிவேட்டில் இன்னும் நாலு கட்டங்களைச் சேர்த்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் நேரில் போனபோது பன்னிரண்டு பெண்கள் பெஞ்சில் காத்திருக்க, செவிலி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி உறையோடு அலமாரியில் இருந்தது. பதிவேட்டில் மட்டும் எல்லாருக்கும் 120/80.

*

நான் ஊரில் தன்னார்வலராக இருக்கிறேன். ஃபிரிட்ஜ் பற்றி எனக்குத் தெரியாது, நாடாவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேல்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. இதை நாங்கள் மட்டும் அளக்காமல் அம்மாக்களுக்கே கற்றுக்கொடுத்தோம். படிக்கத் தெரியாதவர்களும் அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டார்கள். சிவப்பு வந்தால் நேராக எங்களிடம் வருவார்கள், வேர்க்கடலைப் பசை பாக்கெட் கொடுப்போம். ஒன்று 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். வேறு சிக்கல் இல்லாத குழந்தை வீட்டிலிருந்தபடியே சில வாரங்களில் தேறிவிடும்.

2025-இல் பல நாடுகள் வெளிநாட்டு உதவியைக் குறைத்தன. எங்களுக்கும் பாக்கெட் வருவது நின்றது. நாடாக்கள் வீடுகளிலேயே இருக்கின்றன. ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கையை என்னிடம் நீட்டிக் காட்டினார். சிவப்பு. “நீங்கதான அளக்கச் சொன்னீங்க” என்றார்.

*

மருத்துவக் கருவிகள் பழுது பார்ப்பவன். சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டி பிரிக்காத இன்குபேட்டர், எங்கள் சாக்கெட்டில் சேராத பிளக், எங்கும் கிடைக்காத ஃபில்டர், எல்லாம் பார்த்தாயிற்று. எடை குறைவாகப் பிறந்த குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல்தான் தொடங்கியது. இப்போது பணக்கார நாடுகளும் செய்கின்றன. என்னைக் கேட்டால் அதைக் கற்றுத்தர ஒரு செவிலிக்குச் சம்பளம் கொடுப்பதும் நல்ல உதவிதான். அதில் எனக்கு வேலை இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

*

ஒருங்கிணைப்பாளர் தம்பி, அந்த 120/80 நானும் எழுதியிருக்கிறேன். கோபம் இல்லை.

நாடா பற்றி எழுதிய தங்கச்சி, அந்த அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?

*

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன் அக்கா. போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருப்பதால் ஆறாம் நாள் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அப்புறம் வாராவாரம் போய் அளக்கிறேன். போன வாரம் 11.7. மஞ்சள்.