நின்று படிக்க விட்ட கடைகள்

சென்னையிலிருந்து:

புத்தகம் வாங்கிய கதை எல்லோரிடமும் இருக்கும். வாங்காமல் நின்ற கதையைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. பையில் பஸ் காசு மட்டும் இருந்த நாளில் ஏதோ ஒரு கடையின் அலமாரிக்கு முன்னால் மணிக்கணக்காக நின்றிருப்போம். கடைக்காரரும் பார்த்தும் பார்க்காதது போல விட்டிருப்பார். அது எந்தக் கடை, அங்கே யாரைப் பார்த்தீர்கள், சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ். 1844இல் தொடங்கிய கடை. இந்தியாவில் இன்றும் நடக்கிற புத்தகக் கடைகளில் மிகப் பழையது. இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1904இல் வந்தது. கல்லூரிக் காலத்தில் எல்.ஐ.சி. நிறுத்தத்தில் இறங்கி, வெயிலோடு உள்ளே போவேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. கூரை எங்கேயோ மேலே இருக்கும். சாலையின் இரைச்சல் வாசலோடு நின்றுவிடும். அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் "என்ன வேணும்?" என்று என்னிடம் கேட்டதில்லை. அந்த வயதில் ஒருவனுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது என்று இப்போது நினைக்கிறேன்.

புத்தகம் பார்ப்பதில் எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டை விட்டுவிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பிப்பேன். கண் மட்டத்தில் இருப்பது, கடை நமக்குக் காட்ட நினைப்பது. குனிந்து பார்க்கிற ஆள் குறைவு என்பதால் கீழ்த்தட்டில்தான் பழைய பதிப்புகள் பழைய விலையோடு தங்கியிருக்கும். எடுத்ததும் விவரப் பக்கத்துக்குப் போவேன். தமிழ்ப் புத்தகங்களில் அந்தப் பக்கத்துக்கென்று ஒரு ருசி இருக்கிறது. தாள் மேப்லித்தோ, அளவு டெம்மி, எழுத்து 11 புள்ளி, கட்டுமானம் தையல் என்று ஆரம்பித்து, அச்சடித்த அச்சகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்கள். சிலவற்றில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்டிருக்கும்; 31ஐக் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து முன்னுரை. அதற்குப் பிறகு நேராக நடுப்பக்கம் ஒன்று. முதல் பக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்கள். 120ஆம் பக்கத்தில் அந்த எழுத்தாளர் எப்படி இருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு மதியம் அப்படிக் கீழ்த்தட்டின் முன்னால் குந்தியிருந்தபோது, "தம்பி, வலது ஓரத்துல ஒரு பச்சை அட்டை இருக்கும், எடுத்துத் தர்றீங்களா? எனக்குக் குனிய முடியாது" என்று ஒரு குரல். எழுபதைத் தாண்டியவர். பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் அது. என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் நேராக ஒரு பக்கத்தைத் திருப்பி, நேற்று விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். பக்க எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, வாரக்கணக்காக அந்த ஒரு புத்தகத்தை அங்கேயே நின்று படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அடிக்கடி பார்த்துக்கொண்டோம். ரயில்வேயில் இருந்தவராம். ஹிக்கின்பாதம்ஸ் ஒரு காலத்தில் தென்னாட்டு ரயில் நிலையங்களில் புத்தகக் கடை போட்டிருந்தது பலருக்கும் நினைவிருக்கும். இவர் வேலை பார்த்த ஜங்ஷனிலும் ஒன்று இருந்திருக்கிறது. இரவு ஷிப்டில் அந்தக் கடைக்காரர், "மடக்காம, அழுக்காக்காம படிச்சுட்டு, விடியறதுக்குள்ள வச்சுடுங்க சார்" என்று தருவாராம். ஆங்கிலம் கற்றுக்கொண்டதே அப்படித்தான் என்றார். புத்தகத்தை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டியவரும் அவர்தான். நம்முடையது இல்லாத புத்தகத்தைப் பாதிக்கு மேல் விரிக்கக் கூடாது, முதுகு உடைந்துவிடும். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது.

ஒருநாள் அந்தப் பச்சை அட்டை இல்லை, விற்றுப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் பக்கம்தான் அவருக்கு மிச்சம். எனக்கு வருத்தம் தாங்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "யாரோ வீட்டுக்குக் கொண்டு போயிருக்காங்கப்பா. இனிமே அதுக்கு ஒரு வீடு இருக்கு" என்றார். அன்றைக்கே வேறொன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து:

எங்க ஊரில் புத்தகக் கடையே கிடையாது. கடைதான் எங்களைத் தேடி வந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வண்டி! எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள்: முன்னேற்றப் பதிப்பகம், மீர், ராதுகா. கெட்டி அட்டை, வழவழ தாள், பக்கம் பக்கமாக வண்ணப் படம். விலையோ, கைச்செலவுக் காசைச் சேர்த்து வைத்தால் வாங்கிவிடலாம்.

பெண் பிள்ளைகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாத ஊர் அது. நூலகத்திலும் மாலையில் முழுக்க ஆண்கள்தான். வண்டிக்கு முன்னால் மட்டும் யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை. நானும் என் தோழிகளும் வெயிலிலேயே நின்று படிப்போம். வண்டியில் இருந்த அண்ணன் எங்களுக்காகவே சிறுவர் புத்தகங்களைக் கீழே, கை எட்டுகிற இடத்துக்கு மாற்றி வைத்தார். ஒரு கதையில் சமோவார் என்று வந்தது. என்னண்ணா இது என்று கேட்டேன். அவர் எதிரில் இருந்த டீக்கடையில் ஆவி பறக்கும் பாய்லரைக் காட்டி, "அதான்" என்றார். ரஷ்யா அன்றைக்கு எங்கள் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

1991இல் சோவியத் யூனியன் கலைந்ததும் அந்தப் புத்தகங்கள் நின்றுபோயின. எது போனது என்று பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போனது அந்த வண்டியின் கீழ்த்தட்டு.

திருவல்லிக்கேணியிலிருந்து:

மூர் மார்க்கெட்டை யாரும் சொல்லவில்லையே! சென்ட்ரலை ஒட்டி, சிவப்புக் கட்டடம். பழைய புத்தகத்துக்கு அதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அங்கே நின்று படிப்பதற்கே ஒரு வித்தை வேண்டும். நம் கை எந்தப் புத்தகத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறதோ அதன் விலை ஏறிவிடும். ஆகவே வேண்டியதை மூன்றாவதாக எடுத்து, முதல் இரண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியும் கடைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் மனிதர்களை வாசித்தவர்கள். 1985 மே 30ஆம் தேதி அது எரிந்தது. புறநகர் ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் மூர் மார்க்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பலகையைப் பார்க்கிற இளைஞர்கள், அங்கே புத்தகங்கள் இருந்தன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன். மதுரையில் ஒரு கடையில் நெடுங்காலம் வேலை. கடையின் பெயர் வேண்டாம்.

முதலில் எங்கள் கடையில் யாரும் புத்தகத்தைத் தொட முடியாது. குறுக்கே மேசை. பெயரைச் சொன்னால் நாங்கள் உள்ளே போய் எடுத்து வருவோம். பிறகு முதலாளி மேசையை ஓரமாகப் போட்டுவிட்டு ரேக்கைத் திறந்து விட்டார். திருட்டுப் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சொன்ன ஒரே விதி, "நிக்கிறவங்களைக் கிளப்பாதே." ஜூன் மாதம் மட்டும் இதற்கு விலக்கு. பாடப்புத்தகம், நோட்டு, கோனார் உரை என்று கூட்டம் தெருவரை நிற்கும். அந்த ஒரு மாத வியாபாரத்தில்தான் மற்ற மாதங்களில் கவிதைப் புத்தகம் அடுக்கி வைக்க முடிந்தது. இதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

தினமும் கடை அடைக்கும் முன் ரேக்கைச் சரிசெய்வது என் வேலை. தூசி தட்டி, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, அந்துருண்டை மாற்றி, இடம் மாறியவற்றைத் திருப்பி வைக்க வேண்டும். இடம் மாறியதைப் பார்த்தே அன்றைக்கு யார் வந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு நாவல் ஒளிந்திருந்தது. கடைசிப் பிரதி. காசு கிடைக்கும் வரை வேறு யாரும் வாங்கிவிடக் கூடாதே என்று ஒருவர் மறைத்து வைத்திருக்கிறார். ஆள் யார் என்று எங்களுக்குத் தெரியும். முதலாளியிடம் சொன்னேன். "அங்கயே இருக்கட்டும்" என்றார். ஒவ்வொரு இரவும் அதைத் துடைத்து, அதே இடத்தில் வைத்தேன்.

கீழமாசி வீதி மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் சாயங்காலம் வருவார். வாசலில் நின்று துண்டால் இரண்டு கையையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். படித்ததெல்லாம் சரித்திரம். மன்னர், போர், கோட்டை. நாங்கள் ஸ்டூல் போட்டாலும் உட்கார மாட்டார். வருஷத்துக்கு ஒரு புத்தகம், தீபாவளி போனஸ் வந்ததும் வாங்குவார். "கடை சீல் போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்குவார். பிள்ளைகளிடம் காட்ட வேண்டுமாம், அப்பா எங்கே போய் வருகிறார் என்று.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட நூலகம் 1981இல எரிஞ்சது, 97,000 புத்தகம் போனது, எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதுக்குப் பிறகு, தொண்ணூறுகளின்ர தொடக்கத்தை. கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடை. பேப்பர் தட்டுப்பாட்டில பத்திரிகையையே கொப்பித் தாளில அடிச்சவை. இந்தியாவில இருந்து புதுப் புத்தகம் வாறது கிட்டத்தட்ட நிண்டு போச்சு.

எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்னப் புத்தகக்கடை. வைச்சிருந்தவர் ஓய்வுபெற்ற மாஸ்ரர். இருக்கிற புத்தகம்தான் இருக்கும், புதுசா ஒண்டும் வராது. அதாலே மாஸ்ரர் ஒரு முடிவெடுத்தார்: ஒரு பிரதி மட்டும் மிஞ்சின புத்தகத்தை விக்கிறேல்லை. "இதை நீ கொண்டு போனா, நாளைக்கு வாற பிள்ளைக்கு நான் எதைக் குடுக்கிறது? நிண்டு வாசி" எண்டுவார். கடை எண்டு பெயர், காசைக் குடுத்தாலும் வாங்க மாட்டார்! லைட் இல்லாதபடியா நாங்கள் எல்லாரும் வாசலுக்குக் கிட்ட வெளிச்சத்தில நெருங்கி நிப்பம். உயரமான ஆக்கள் பின்னுக்கு, சின்ன ஆக்கள் முன்னுக்கு. ஒரு புத்தகத்தை ரெண்டு பேர் வாசிச்சா, வேகமா வாசிக்கிற ஆள் மற்ற ஆள் முடிக்கும் வரை பக்கம் திருப்பேலாது. நான் பொறுமை படிச்சது அங்கதான். இப்ப என்ர மனுசியா இருக்கிறவவும் அந்த வாசலில எனக்குப் பக்கத்தில நிண்டவதான், மெதுவா வாசிக்கிற ஆள்.

95 ஒக்ரோபரில, சண்டையால, எங்கட வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. மாஸ்ரரும் போனார், புத்தகங்களும் போச்சு. இப்ப ரவுணில நல்ல கடையள் இருக்கு. இந்தியப் புத்தகத்தின்ர விலையை எங்கட காசுக்குப் பெருக்கிப் பார்த்தா நெஞ்சு அடிக்கும். எண்டாலும் நாங்கள் ரெண்டு பேரும் போறம். கடைப் பிள்ளை கதிரை தாறவ. கையில ஒரே புத்தகம்தான், பக்கத்தை இப்பவும் அவதான் திருப்புறவ.

சென்னையிலிருந்து:

எல்லாவற்றையும் படித்தேன். யாழ்ப்பாணத்து மாஸ்டரைப் பற்றி என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மதுரைக்காரரே, ஒன்று மட்டும் சொல்லுங்கள். சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்த நாவலை அவர் வந்து வாங்கினாரா?

மதுரையிலிருந்து:

வாங்கினார். ஒண்ணாம் தேதி எதிர்பார்த்தோம், வரவில்லை, சம்பளம் தள்ளிப்போயிருக்கிறது. ஏழாம் தேதி வந்தார். நேராகச் சட்ட வரிசைக்குப் போய்க் கையை விட்டு எடுத்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. முதலாளியே பில் போட்டார். பத்து சதவீதம் கழிவு போடுவார் என்று நினைத்தேன், இருபது போட்டார்.