அது கூத்துக் காலேஜ் ஆக்கும்

குழு: நம்ம வீடு

தக்கலை சித்தி: மோளே, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு லிஸ்ட் போட்டாச்சா? கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு காலேஜை மூன்றாவதாக வைத்திருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். பேரைச் சொன்னதும் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் சிரிக்கிறார்கள்.

நான்: எதற்குச் சிரிக்கிறார்கள் சித்தி? பாஸ் சதவீதம் பார்த்துத்தான் வைத்தேன்.

குலசேகரம் மாமா: அது கூத்துக் காலேஜ் ஆக்கும் மக்களே. இந்த வீடியோவைப் பார். மேடையில் டிஜே, கீழே பிள்ளைகள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஆடுகிறார்கள், புகை வேறு. ரப்பர் ஷீட் விற்ற காசை இதற்கா கொண்டு கட்டுவது?

நான்: மாமா, பின்னால் கட்டியிருக்கிற பேனரை வாசியுங்கள். அது வேறு காலேஜ்.

குலசேகரம் மாமா: எல்லாம் ஒன்றுதான்.

பாட்டா: [குரல் செய்தி 3:42]

அம்மா: அப்பா என்ன சொல்கிறார் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள், நான் அடுப்பில் நிற்கிறேன்.

தக்கலை சித்தி: முக்கால்வாசி மழையைப் பற்றித்தான், ரப்பர் பால்வெட்டு நடக்கவில்லையாம். கடைசியில், இங்கே நாகர்கோவில் கோணத்தில் அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ் இருக்கும்போது பெண்பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் விடுவது என்கிறார். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. இல்லையென்றால் திருவனந்தபுரம் போகட்டும், கிட்டத்தானே.

நான்: கோணம் லிஸ்டில் நான்காவதாக இருக்கிறது பாட்டா. திருவனந்தபுரத்துக்குக் கேரளாவின் கீம் நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும் சித்தி, நான் எழுதவில்லை.

குலசேகரம் மாமா: எழுதாததும் நல்லது. அங்கே எப்போது பார்த்தாலும் சமரம், ஸ்டிரைக்.

அப்பா: எனக்கு டிஜே எல்லாம் பயமில்லை. ராகிங்தான் பயம். சிதம்பரத்தில் மருத்துவம் படித்த பொன் நாவரசுவை சீனியர் கொன்றது 1996-இல். நான் பாலிடெக்னிக் சேர்ந்த சமயம் அது. பேப்பரைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மா ஹாஸ்டல் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டார்கள். படித்து முடிக்கிற வரைக்கும் பஸ்ஸில்தான் போய்வந்தேன்.

மைனி: அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது, 2009-இல் யுஜிசி விதிகளும் வந்தன. இப்போது பிள்ளையும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும், புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண் இருக்கிறது. ஆனால் டிஜே வேறு, ராகிங் வேறு. ஆட்டம் பாட்டம் இல்லாத காலேஜிலும் ராகிங் நடக்கும், வருஷத்துக்கு மூன்று நாள் கல்ச்சுரல்ஸ் விழா நடக்கிற இடத்தில் ஒரு சீனியரும் ஏறிட்டுப் பார்க்காமலும் இருப்பான். நான் பாடம் எடுக்கிற இடத்தில் கல்ச்சுரல்ஸ் வாரத்தில் வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாகத்தான் இருக்கும், எல்லாரும் ‘ஆன் டியூட்டி’ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வாரம் அதே பிள்ளைகள் இன்டர்னல் மார்க்குக்கு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பார்கள். செமஸ்டர் எழுத 75 சதவீதம் வருகை வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் அது வராது.

தக்கலை சித்தி: அதெல்லாம் சரி, ஆனால் நல்ல ஸ்டிரிக்ட்டான காலேஜ் இருக்கும்போது இது எதற்கு? பெங்களூர் தம்பி படித்த இடம் எப்படி? போன் கூடாது, பையன்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. ஊரில் அதற்கு என்ன நல்ல பேர்!

பெங்களூர் அண்ணன்: சித்தி, அந்தப் பேர் எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். ஐடி கார்டு மறந்தால் ஃபைன், தாடி இருந்தால் ஃபைன், எதிர்ப் படியில் கால் வைத்தால் வீட்டுக்குப் போன். இதைத்தான் அட்மிஷன் சமயத்தில் அப்பா அம்மாக்களிடம் சொல்வார்கள், அவர்களும் நிம்மதியாக டிடி எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வார்டன் டார்ச் அடித்துத் தலை எண்ணுவார். போர்வைக்குள் தலையணையைத் திணித்துவிட்டுப் பின்சுவர் ஏறுவார்கள். சுவரில் கால் வைக்கிற இடத்தில் மட்டும் சிமெண்ட் பெயர்ந்து செங்கல் தெரியும், அவ்வளவு ஏறியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இறங்கினால் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை ரூம், அதில் நடந்ததற்கு வீடியோ கிடையாது. அதனால்தான் நல்ல பேர். இன்னொன்று, ஐஐடி மெட்ராஸில் ஒவ்வொரு ஜனவரியிலும் சாரங் என்று நாள்கணக்கில் நடத்துகிறார்கள், பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியலில் 2016-இல் இருந்து பொறியியலில் முதலிடம் அதற்குத்தான். அதை யாராவது கூத்துக் காலேஜ் என்கிறோமா?

குலசேகரம் மாமா: நீ சுவர் ஏறினாயா?

பெங்களூர் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மைனி: நான் வாசித்துவிட்டேன்.

அம்மா: 😂

குலசேகரம் மாமா: சிரிக்காதே. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவனுக்கு மது விற்கவே கூடாது. அப்படிப் பார்த்தால் காலேஜில் குடிக்கிற பயல்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடையில் கொடுத்ததே தப்பு.

நான்: மாமா, பெங்களூர் அண்ணன் சேர்ந்தபோது இந்தக் குழுவில் யாராவது இதையெல்லாம் கேட்டீர்களா? அப்போது ஹாஸ்டலில் கோழி போடுவார்களா என்றுதான் கேட்டீர்கள்.

குலசேகரம் மாமா: அது வேற காலம்.

நான்: இப்போது நான் விசாரித்ததைச் சொல்கிறேன். மார்த்தாண்டத்து அக்கா ஒருவர் அந்தக் கோயம்புத்தூர் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறார். கல்ச்சுரல்ஸ் உண்டு, டிஜே உண்டு, ராத்திரி வெளியே போய்க் குடித்துவிட்டு வருகிற கூட்டமும் உண்டு என்று மறைக்காமல் சொன்னார். அவருக்கு அதில் பிரச்சினை இல்லை, அந்தக் கூட்டத்தில் இவர் இல்லை. அவருடைய பிரச்சினை வேறு. கூத்துக் காலேஜ் என்று பேர் பரவியதும் நிர்வாகம் பயந்துவிட்டது, உடனே பெண்கள் ஹாஸ்டல் கேட்டை மாலை 6.30-க்குப் பூட்ட ஆரம்பித்தார்கள். பையன்களுக்கு 9 மணி. ரோபோட்டிக்ஸ் கிளப் கூடுவதே ஆறு மணிக்குத்தான். ஏழு மணிக்கு மோட்டார் சுற்றுகிறதா என்று பையன்கள் பார்க்கும்போது இவர்கள் ரூமில் இருந்து வீடியோ காலில் பார்க்கிறார்கள். குடித்தது யாரோ, கேட் பூட்டினது இவர்களுக்கு.

மைனி: எங்கள் காலேஜிலும் இதே கதைதான். ஏதாவது ஒரு பெகளம் நடந்தால் அடுத்த நாள் பெண்கள் ஹாஸ்டலுக்குத்தான் சர்க்குலர் வரும்.

அம்மா: எனக்கு இவள் குடிப்பாள் என்ற பயமெல்லாம் இல்லை. எல்லாரும் பார்ட்டிக்குப் போகும்போது இவள் மட்டும் ரூமில் தனியாகக் கிடப்பாளோ என்றுதான். சேராத பிள்ளையை ஒதுக்குவார்களே. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மைனி: அத்தை, நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரே கூட்டம் இருக்காது. கேரம் விளையாடுகிறவர்கள், சாப்பாட்டுக்கே நேரம் இல்லாமல் கோடிங் செய்கிறவர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள், தன் ஆட்களைத் தேடிக்கொள்ளலாம். சின்னக் காலேஜில்தான் ஆபத்து. ஒரு பிரிவில் முப்பது பேர், அதில் இருபது பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் மிச்சம் பேருக்குப் போக்கிடம் கிடையாது. அதனால் பார்ட்டி நடக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் நடக்கிறது. அன்று ராத்திரி போகாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். லைப்ரரி திறந்திருக்கிறதா, மெஸ்ஸில் ஆள் இருக்கிறதா, ரூம் மேட் சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா. அப்புறம், சித்தி சொல்கிற மாதிரி ஸ்டிரிக்ட் காலேஜ் எதையாவது லிஸ்டில் போட்டால் கவுன்சிலிங் கோட் எண்ணை வைத்து அண்ணா யுனிவர்சிட்டி வெளியிடுகிற தேர்ச்சிப் பட்டியலில் ஒரு தடவை பாருங்கள். தன்னாட்சிக் காலேஜுகள் தாங்களே பரீட்சை நடத்தும், அதனால் அவற்றையும் மற்றதையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது.

அப்பா: சரி. சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம், லாக் செய்துவிட்டால் மாற்ற முடியாது. மோளே, மூன்றாவதை எடுக்க வேண்டாம், இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அந்த 6.30 கேட் விஷயத்தை வார்டனிடம் நேரில் கேட்போம். கிளப்புக்கு எழுதிக் கொடுத்தால் விடுவார்களா என்று. விட மாட்டோம் என்று சொன்னால் கோணத்தை மேலே ஏற்றிவிடு.

நான்: அதுதான் சரி அப்பா. கோணத்தில் சேர்ந்தால் கேட் நம் வீட்டு கேட்தானே.

அம்மா: அதையும் 6.30-க்குப் பூட்டுவேன்.

பெங்களூர் அண்ணன்: சித்தப்பா, காலையில் போகாதீர்கள், காலையில் எல்லாக் காலேஜும் கோயில் மாதிரி இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்குப் போய் எதிரே இருக்கிற டீக்கடையில் உட்காருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்பா: வெள்ளிக்கிழமை ராத்திரி நாகர்கோவில் – கோயம்புத்தூர் ரயிலில் டிக்கெட் பார்க்கிறேன். மூன்று பேருக்கு.

குலசேகரம் மாமா: நாலு போடு. எனக்கு லோயர் பெர்த்.

அம்மா: அண்ணே, வருவதானால் வாருங்கள். ஆனால் அங்கே நிற்கிற பிள்ளைகளிடம் போய் நீ குடிப்பாயா என்று கேட்கக் கூடாது.

குலசேகரம் மாமா: கேட்காமல் பின்னே எப்படித் தெரியும்?

பாட்டா: [குரல் செய்தி 5:10]